தகரக் கொட்டகைக்கு வந்த முருகன்

குன்றின் படிகளில் பாதி ஏறிய பிறகுதான் செருப்பைக் கழற்றவில்லை என்பது சென்னியப்பனுக்கு உறைத்தது. இறங்கிப் போய் அடிவாரத்தில் விட்டுவிட்டு மறுபடி ஏறினார். அறுபதை நெருங்குகிற முழங்கால் அந்த இரண்டாவது ஏற்றத்துக்கும் சேர்த்து அவரைத் திட்டியது.

மனுஷன் நிலைகொள்ளாமல் இருந்தார். கோயமுத்தூரில் பம்புசெட் கம்பெனி வைத்திருப்பவர். அவர் பம்பு ஓடாத தோட்டம் அந்தப் பக்கத்தில் குறைவு. அப்படிப்பட்டவருக்கு மூன்று மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. எதிரே யார் வந்தாலும் எரிந்து விழுந்தார். விடிந்தால் திங்கட்கிழமை. திங்கட்கிழமை காலையில் ஒரு காரியம் செய்யப்போவதாகக் கம்பெனி முழுக்கச் சொல்லிவிட்டார்.

மேலே ஒரு சின்ன முருகன் கோயில், அதையொட்டி ஒரு மடம். மடத்தில் இருப்பவர் அகிலாண்டம்மா. ஒரு காலத்தில் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர். காவி கட்டமாட்டார், நூல் சேலைதான். சென்னியப்பனைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். அவர் இவரை ‘அண்ணா’ என்பார், இவர் அவரை ‘அம்மா’ என்பார். இதில் யார் குரு, யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள். இவர் போய்த் தரையில் உட்காரும்போதுதான் விளங்கும்.

அன்றைக்குத் தரையில்கூட உட்கார இடமில்லை. கோயிலில் திருப்பணி தொடங்குகிற நாள். பழைய கருவறையைப் பிரித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். பிராகாரத்து மூலையில் நான்கு மூங்கில் நட்டு, மேலே தகரம் போட்டு, ஒரு கொட்டகை எழும்பிக்கொண்டிருந்தது. அகிலாண்டம்மா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு அதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்ணா. இந்த மூங்கிலைச் சித்த புடிங்க. ஆடுது” என்றார்.

சென்னியப்பன் பிடித்துக்கொண்டார்.

“அம்மா, ஒரு கேள்விங்க.”

“கேளுங்ணா. மூங்கிலை விட்டுடாதீங்க.”

“ஒரு கம்பெனியை மாத்தறது எப்படிங்க?”

“எதுக்கு மாத்தோணும்?”

“மாத்தாட்டிப் பொழைக்க முடியாதுங்க. வெளிய இருந்து பாதி விலைக்குப் பம்பைக் கொண்டாந்து எறக்கறாங்க. நம்ம பட்டறைல ஒரு பம்புக்கு ஒரு ஆளு. கம்பிக் காயில் சுத்தறதுல இருந்து பெயின்ட் அடிக்கற வரைக்கும் அவனேதான். புள்ளையக் குளிப்பாட்டிப் பொட்டு வெக்கற மாதிரி ஒண்ணொண்ணையும் வெச்சுக் கொஞ்சீட்டு ஒக்காந்திருப்பான். அது இனி ஆகாதுங்க. அன்னூர் ரோட்டுல புதுசாக் கட்டடம் கட்டி லைன் போட்டிருக்கேன். ஆளுக வரிசையா நிப்பாங்க, பம்பு நகந்து போகும், ஆளுக்கொரு வேலை. அவ்வளவுதானுங்க விசயம்.”

“நல்லதுதானுங்ளே?”

“நல்லதுங்க! அதைத்தான் நானும் மூணு மாசமாத் தொண்டை கிழியச் சொல்றேன்.”

“ஆளுக மாட்டேங்கறாங்களா?”

“மாட்டேன்னு சொன்னாத்தான் பரவாயில்லையே! எல்லாத்துக்கும் ‘சரிங்க’ங்கறாங்க.”

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இந்தச் ‘சரிங்க’ எப்பேர்ப்பட்ட சங்கடம் என்று தெரியும். முகத்துக்கு நேரே மாட்டேன் என்பது அங்கே மரியாதைக் குறைவு. சரிங்க என்பார்கள், ஆகட்டுங்க என்பார்கள். ‘பார்க்கலாங்க’ என்று மட்டும் ஒருவர் சொல்லிவிட்டால் அந்தக் காரியத்துக்குத் தலைமுழுகிவிட்டு வேறு வேலை பார்க்கப் போகலாம்.

“பெங்களூர்ல இருந்து ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்தேனுங்க. கம்பெனிகளை மாத்தறதுதான் அவங்களுக்குத் தொழிலே.”

“என்ன பண்ணினாங்க?”

“படம் போட்டுக் காட்டினாங்க. வட்டமா நிக்கவெச்சுப் பந்து எறிஞ்சு புடிக்கச் சொன்னாங்க. பந்து கை மாறற மாதிரித்தான் பம்பும்னு சொல்லிக்குடுத்தாங்க. கடைசீல ஆளுக்கொரு பனியன். முதுகுல ‘மாற்றம் ஒன்றே மாறாதது’ன்னு எழுதி.”

“போட்டுக்கிட்டாங்களா?”

“மெஷின் தொடைக்கறாங்க.”

மேலே கயிறு கட்டிக்கொண்டிருந்த ஆள் சிரித்துவிட்டான். மூங்கில் ஆடியது. சென்னியப்பன் அண்ணாந்து முறைத்தார்.

“சிரிக்கற காரியம் இல்லீங்கம்மா. நாங்க அந்தப் பக்கம் போனா எல்லாரும் லைன்ல நிக்கறாங்க. இந்தப் பக்கம் திரும்பினா, நகந்து போற பம்பைத் தூக்கிக் கீழ வெச்சுக்கிட்டு, மூலைல ஒக்காந்து ஒருத்தனே அத்தனை பாகத்தையும் பூட்டறான். லைன் காலியா ஓடுது. உற்பத்தி கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆயிருச்சு.”

“உங்க மருதாசலம் என்ன சொல்றாரு?”

மருதாசலம் பட்டறையின் ஃபோர்மேன். ஒரு வாடகைக் கொட்டகையில் பழைய மோட்டார்களுக்குக் காயில் சுற்றிக் கொடுத்து இவரும் அவரும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் இந்தக் கம்பெனி. பணம் போட்டவர் முதலாளியானார், போடாதவர் ஃபோர்மேனானார். அது அவர்களுக்குள் ஒரு நாளும் பேச்சாக வந்ததில்லை.

“அவனும் ‘சரிங்க’தான்” என்றார் சென்னியப்பன். “நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டேன். நாளைக்குக் காத்தால பழைய ஆளுக அத்தனை பேரையும் கணக்கு முடிச்சு வெளிய அனுப்பறதுன்னு சொல்லிட்டேனுங்க. வடக்க இருந்து பசங்க வர்றாங்க. சொன்னதைச் செய்வாங்க. இவங்களை அனுப்பினாத் தானும் போறேங்கறான் மருதாசலம்.”

“போகட்டும்னு இருக்குதுங்களா?”

சென்னியப்பன் மூங்கிலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அம்மா கேட்டார்: “புதுக் கட்டடத்துக்கு என்னென்ன பண்ணினீங்க?”

“எல்லாம் பண்ணினேனுங்க. பூமி பூஜை, கணபதி ஹோமம், பசுவும் கன்னும் உள்ள ஓட்டிட்டுப் போனது, ஊருக்கே சாப்பாடு. ஒரு கொறை வெக்கலை.”

“பழைய பட்டறைக்கு?”

“பழசுக்கா?” அவருக்குக் கேள்வியே புரியவில்லை. “பழசுக்கு என்னங்க இருக்குது? பூட்டியாச்சு.”

“அங்க இருந்த லேத்து, மத்த மெஷினெல்லாம்?”

“எடைக்குப் போட்டாச்சுங்க. ஒரு ஞாயித்துக்கெழமை, ஆளுக இல்லாத நேரமாப் பாத்து லாரில ஏத்திவிட்டுட்டேன். எதுக்கு வீண் பேச்சுன்னு.”

அம்மா தலையை ஆட்டினார். அது சரி என்பதா தப்பு என்பதா என்று தெரியவில்லை. கயிறு கட்டி முடிந்தது. “இனி விடலாம்” என்றார். சென்னியப்பன் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

“ஒரு ஊர்ல ஒரு தலைவர் இருந்தாருங்ணா” என்று ஆரம்பித்தார் அம்மா. “நல்ல மனுஷன். ஊர் மாரியம்மன் கோயில் ஓட்டுக் கட்டடமா இருக்குதே, காங்கிரீட்ல பெருசாக் கட்டோணும்னு ஆசை. சனங்ககிட்டச் சொன்னா ஆளுக்கொண்ணு பேசுவாங்க. அதனால ஒரு நா விடியறதுக்குள்ள பொக்லைனைக் கொண்டாந்து தட்டிவிட்டுட்டாரு.”

“வேலையில வேகம் இருந்திருக்குது.”

“காத்தால பொம்பளைங்க எப்பவும் போலக் கொடத்துல தண்ணி எடுத்துட்டு வந்தாங்க, அம்மன் வாசல்ல ஊத்தறதுக்கு. வாசல் இல்லை. இருந்த எடத்தைக் குத்துமதிப்பாப் பாத்து மண்ணு மேல ஊத்திட்டுப் போனாங்க.”

“செரி.”

“புதுக் கோயில் ஜோராக் கட்டினாங்க. ஆனா வாசல் இந்தப் பக்கமா வந்திருச்சு. பழைய வாசல் இருந்த எடம் சைக்கிள் ஸ்டேண்டு. பொம்பளைங்க அங்கயே ஊத்தினாங்க. தலைவர் அந்த எடத்துல சிமெண்டு போட்டாரு. சிமெண்டு மேல ஊத்தினாங்க.”

“அப்பறம்?”

“இப்பவும் ஊத்தறாங்க.”

“புதுக் கோயில்ல?”

“வவ்வாலு.”

சென்னியப்பனுக்கு எரிச்சல் வந்தது. “விவரம் தெரியாத சனமுங்க. எடுத்துச் சொல்ல ஆளில்லை” என்றார்.

“பெங்களூருக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாம்” என்றார் அம்மா. “பூஜைக்கு நேரமாச்சு. வந்து ஒக்காருங்க.”

“என்ற கேள்விக்குப் பதிலுங்க?”

“மொதல்ல பூஜைல ஒக்காருங்ணா.”

திருப்பணிக்குத் தலைமை சென்னியப்பன்தான். மழைக்கு ஒழுகுகிறது, நாலு பேர் சேர்ந்தாற்போல நின்று கும்பிட முடியவில்லை, இதைப் பிரித்துவிட்டுப் பெரிதாகக் கட்டலாம் என்று ஒற்றைக் காலில் நின்றவர் அவர். ஆகவே சட்டையைக் கழற்றிவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கருவறை முன்னால் மணையில் போய் உட்கார்ந்தார். குருக்கள் சபாபதி அவர் விரலில் தர்ப்பையை மாட்டினார். இடுப்பில் செருகியிருந்த செல்போன் உறுமியது. மருதாசலம்.

“அதை அணைச்சுடுங்கோ” என்றார் குருக்கள்.

அணைத்தார். அணைத்த பிறகும் கை இடுப்புக்குப் போய்ப் போய் வந்தது. கால் மரத்தது, மாற்றி உட்கார்ந்தார். வடக்கேயிருந்து வருகிற பையன்களுக்குத் தங்க இடம் பார்த்தாயிற்றா என்று மனசு ஓடியது. மருதாசலம் எதற்குக் கூப்பிட்டான், போகிறேன் என்று சொல்லவா, போகவில்லை என்று சொல்லவா என்று இன்னொரு பக்கம் ஓடியது. குருக்கள் சொன்ன மந்திரத்தில் பாதியைத்தான் இவர் திருப்பிச் சொன்னார்.

அத்திமரப் பலகை ஒன்றில் முருகனை வேலோடு எழுதி வைத்திருந்தார்கள். பக்கத்தில் நூல் சுற்றிய கும்பம், நீர் நிரம்பியிருந்தது.

“இப்போ சுவாமிகிட்ட உத்தரவு கேக்கறோம்” என்றார் குருக்கள். “உன் வீட்டைப் பிரிக்கப்போறோம். வேலை முடியற மட்டும் இந்தப் பலகையில வந்து வெளியில இருக்கணும்னு.”

“அதுதான் பிரிக்கறதுன்னு எல்லாம் முடிவு பண்ணியாச்சே, சாமி?”

“முடிவு பண்ணினது நீங்க. வீடு அவரோடது. கேக்கறதுதானே மரியாதை?”

குருக்கள் தர்ப்பைக் கற்றையால் சிலையைத் தொடுவார், கும்பத்து நீரைத் தொடுவார். மறுபடி சிலை, மறுபடி நீர். அவருக்கு அவசரமே இல்லை. திரும்பத் திரும்பச் செய்தார். இங்கிருக்கிறதை ஒரு சொட்டு விடாமல் அங்கே கொண்டுபோகிற ஆள் மாதிரி இருந்தது. தினமும் ஒரு நாழிகையாவது பூஜை நிற்காமல் நடக்கவேண்டும், வீடு இடிகிறது என்பதற்காகச் சாமியைப் பட்டினி போட முடியாது என்று இடையில் யாரிடமோ சொன்னார்.

பிறகு எழுந்து எல்லோரையும் கூப்பிட்டார்.

“வந்து பாத்துக்கோங்கோ. இனிமே கும்பாபிஷேகத்துக்கு அப்புறம்தான் இங்க.”

ஜனங்கள் ஒருவர் பின் ஒருவராகக் கருவறை வாசலுக்கு வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அடிவாரத்தில் பூக்கடை வைத்திருக்கும் பாப்பாத்தி வந்தாள். நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள் அப்படியே அழ ஆரம்பித்தாள்.

“எதுக்கு அழுவறே? சாமி எங்க போகுது? இந்தா, பத்தடி தள்ளி” என்று சென்னியப்பன் அவளை அதட்டினார்.

“தெரியுதுங்” என்று சொல்லிவிட்டு அவள் அழுதுகொண்டே போனாள்.

கடைசியில் குருக்கள் விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கதவைச் சாத்தினார். பழைய தேக்குக் கதவு, கீல் முனகியது.

சென்னியப்பனுக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. மூத்த பையன் டைபாய்டில் கிடந்தபோது இரவல் சைக்கிளில் இங்கே வந்து, இந்த நிலைப்படியில் நெற்றியை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கக் கிடந்தவர் அவர். அந்தப் படி இனி இருக்காது. துண்டால் முகத்தைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

“என்னங்ணா?”

“தூசிங்க.”

“பிரிச்சுக் கட்டலாம்னு சொன்னது நீங்கதானுங்ளே?”

“நாந்தானுங்க.”

“இப்ப வேண்டாம்னு தோணுதுங்களா?”

“இல்லீங்க. கட்டித்தான் ஆகோணும். ஒழுகுதே.”

“அப்பறம் என்ன?”

“தெரியலீங்கம்மா. வேணும்னுதான் இருக்குது. ஆனாலும் அடைச்சுக்கிட்டு வருது.”

“ஒரு பந்து கொண்டாரச் சொல்லட்டுமா?” என்றார் அம்மா. “எறிஞ்சு புடிச்சா சரியாயிருமுங்களா?”

சென்னியப்பன் வேப்பமரத்துப் பக்கம் தனியாகப் போனார். செல்போனை உயிர்ப்பித்து மருதாசலத்தைக் கூப்பிட்டார்.

“சொல்லுங்க மொதலாளி” என்றது மருதாசலத்தின் குரல். இந்த ‘மொதலாளி’ மூன்று மாதமாகத்தான். அதற்கு முன்னால் வாழ்நாள் முழுக்க ‘சென்னி’.

“மருதா, உன்ற லேத்து எதுடா?”

“எதுக்குங்க இப்ப? அதுதான் போயிருச்சே.”

“சொல்லேன்.”

“சன்னலோரத்துல நின்னதுங்க. நாம மொத மொத வாங்கினது. ஆயுத பூஜைக்கு நான் வெச்ச சந்தனம்கூட உதிரலை. அதோடயே கிரேன்ல தூக்கி லாரில போட்டாங்கன்னு எதுத்த டீக்கடைக்காரர் சொன்னாரு. ஒவ்வொருத்தனும் அவனவன் லேத்துக்குப் பொட்டு வெச்சு, பொரிகடலை படைச்சு, மாலை போட்டிருந்தான். திங்கக்கெழமை வந்து பாத்தா வெறும் காங்கிரீட்டுல நாலு நாலு போல்ட்டு நீட்டிக்கிட்டு இருக்குது.”

சென்னியப்பன் வேப்பமரத்தில் கையை ஊன்றிக்கொண்டார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கடைசியா ஒரு கும்புடு போட்டு அனுப்பியிருப்போமுங்க. வேற ஒண்ணும் கேட்டிருக்க மாட்டோம்.”

“அதுக்குத்தான் லைன் வேண்டாங்கறானுகளா?”

“லைனு நல்ல மொறைதானுங்களே. அது தெரியாத அளவுக்கா நாங்க இருக்கறோம்? கை போகமாட்டேங்குதுங்க. அவ்வளவுதான்.”

“நாளைக்குப் பேசலாம், மருதா.”

“சரிங்க” என்றார் மருதாசலம்.

அந்தச் ‘சரிங்க’ நெஞ்சில் குத்தியது. போனை மடியில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். வேப்பமரத்தை இரண்டு சுற்று வந்தார். சட்டென்று முகம் தெளிந்தது. விறுவிறுவென்று அம்மாவிடம் வந்தார். முதலாளிமாருக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டால் அதைப் போல ஆபத்து வேறு கிடையாது. உடனே அதற்கு ஒரு விழா எடுத்துவிடுவார்கள்.

“அம்மா, புரிஞ்சு போச்சுங்க! நாளைக்கே பழைய பட்டறைல ஒரு பெரிய பூஜை போட்டர்றேன். ஆளுக அத்தனை பேருத்துக்கும் வேட்டி துண்டு. எலை போட்டுச் சாப்பாடு. பெங்களூர்க்காரங்களையும் வரச்சொல்லி, ‘நன்றி சொல்லும் நாள்’னு ஒரு பேனர் அடிச்சு…”

“பனியன் உண்டுங்களா?”

சென்னியப்பனுக்கு அடித்த காற்று அத்தனையும் இறங்கிவிட்டது.

“போயி மொதல்ல சாமி கும்பிட்டுட்டு வாங்ணா” என்றார் அம்மா, கொஞ்சம் இரக்கமாகவே.

அவர் திரும்பி நடந்தார். நேரே பழைய கருவறைக் கதவுக்கு முன்னால் போய்க் கைகூப்பிக் கண்ணை மூடி நின்றார்.

“அங்க இல்லீங்கோ” என்று பாப்பாத்தி குரல் கொடுத்தாள். “சாமி இங்க இருக்குதுங்க.”

அவர் அசடு வழியத் திரும்பினார். “காலு பழக்கத்துல போயிருச்சு” என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

“ம்” என்றார் அம்மா. “பத்தடிதான் தள்ளி.”

கொட்டகைக்குள் நுழைய நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. அவர் குனிந்தது போதவில்லை. தகரத்தின் விளிம்பு நங்கென்று நெற்றியில் இடித்தது. உள்ளே அடுப்படி வெக்கை. சூடம், எண்ணெய்ப் புகை, வியர்வை எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தன. முருகனுக்குத் தனி அறை இல்லை. ஒரே பெஞ்சின் மேல் வரிசையாகப் பலகைகள்: பிள்ளையார், முருகன், தட்சிணாமூர்த்தி, கடைசியில் இடித்துப் பிடித்துக்கொண்டு நவக்கிரகம். குருக்களின் முதுகில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. நைவேத்தியம் மட்டும் எப்போதும் போலச் சூடாக இருந்தது. இவ்வளவு நேரம் அழுத பாப்பாத்தி பலகைக்கு ஒரு முழம் தள்ளி நின்று, தன் கையாலேயே சரத்தைக் குருக்களிடம் கொடுத்தாள்.

“இங்க கிட்டத்துல பாக்கலாமுங்க” என்று இவரிடம் சொன்னாள். “அங்கன்னா எட்டி எட்டிப் பாக்கோணும்.”

சென்னியப்பன் திருநீறு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். நெற்றியில் புடைத்திருந்தது.

“அம்மா, இது ஆவறதில்லீங்க. சாமிக்கா இந்தத் தகரம்? ரெண்டு நாள் குடுங்க. நல்ல மண்டபமா எழுப்பி, ஏசி போட்டுத் தர்றேன்.”

“வேண்டாங்ணா. சௌரியமாப் போச்சுன்னா ஒருத்தருக்கும் திரும்பிப் போக மனசு வராது. அப்பறம் கருவறை வேலை நடந்தாப்லதான்.”

“அதுக்காக இப்படி வேகோணுமா?”

“கும்பாபிஷேகம் வரைக்கும்தானே? இருந்துக்குவாரு.”

அவர் அங்கே கிடந்த கருங்கல் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் முழுசாக உட்கார்ந்தது அப்போதுதான். வெயில் தலைக்கு மேல் வந்திருந்தது. பிரிக்கப்போகிற விமானத்தின் மேல் இரண்டு ஆட்கள் ஏறிச் சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய சத்தம் கேட்கக் கேட்க அவருக்குத் திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டே வந்தது.

“அம்மா, எனக்குச் சுத்தி வளைச்சு வேண்டாங்க. மருதாசலத்தை விட்டுட்டு என்னால இருக்க முடியாது. பேச்சுக்குத்தான் போகட்டும்னேன். அந்த ஆளுகளையும் அனுப்ப மனசில்லை. ஆனா லைனும் ஓடியாகோணும், ஓடலைன்னா எல்லாருமே தெருவுக்கு வந்திருவோம். அவங்க மனசு வந்து அங்க நிக்கறதுக்கு நாளைக்குக் காத்தால நான் என்னதான் பண்ணோணும்?”

“அந்தப் புது எடம் எப்படி இருக்குதுங்ணா?”

“அது இன்னும் முடியலீங்க. இப்பத்திக்கு மேல தகரம்தான் போட்டிருக்குது. மத்தியானமானா வெந்துபோகும். ஒரு பக்கம் கட்டட வேலை நடக்கறதால எந்நேரமும் தூசி. கேன்டீன் இன்னும் வரலை. கக்கூசுல ஒரு நேரம் தண்ணி வருது, ஒரு நேரம் வரமாட்டேங்குது. பஸ்ஸு வேற ரெண்டு மாறிப் போகோணும். எல்லாம் ஆறு மாசத்துல சரியாயிருமுங்க. அதைச் சொன்னாக் கேக்கோணுமில்ல?”

“நீங்க எங்க ஒக்காந்துக்கறீங்க?”

“நானுங்களா? நான் இன்னும் கணபதி ஏரியாலதானுங்க. பழைய பட்டறைக்கு முன்னால என்ற ரூம் இருக்குதில்ல, அதை மட்டும் கை வெக்காம விட்டு வெச்சிருக்கேன். ஏசி இருக்குது, எல்லா வசதியும் இருக்குது. புது எடத்துல என்ற ரூமுக்கு இன்னும் டைல்ஸே ஒட்டலீங்க. அந்தத் தூசியில, வெக்கையில போயி நான் எப்படிங்க…”

கொட்டகையில் மணி அடித்தது. உச்சிக்கால பூஜை. பலகை முருகனுக்குத் தீபாராதனை காட்டினார் குருக்கள். அம்மா இருந்த இடத்திலிருந்தே கைகூப்பினார். கையை இறக்கிய பிறகு மெதுவாகக் கேட்டார்:

“ஏனுங்ணா, பரிவாரத்தை எல்லாம் தகரக் கொட்டகைக்கு அனுப்பிட்டு, மூலவர் மட்டும் கருவறையை விட்டு அசைய மாட்டேன்னு ஒக்காந்திருந்தா, நாம எதைப் பிரிச்சு எதைக் கட்டறது?”